செய்தி வரிசையில் யாருக்கு எந்த உரிமை?

கேள்வி: எங்கள் மொத்த விற்பனை நிலையத்தின் சிட்டைகள், மைக்ரோசொவ்ட் செய்தி வரிசை (ஒரு செய்நிரல் அனுப்பும் செய்திகளை மற்றொன்று எடுக்கும்வரை வைத்திருக்கும் வசதி) ஒன்றின் வழியாகக் களஞ்சியச் செய்நிரலுக்குச் செல்கின்றன. வரிசையை விற்பனைச் செய்நிரலே டொட் நெட் குறியீட்டால் உருவாக்குகிறது. செய்திகள் வந்து சேர்ந்தாலும், அதே கணினியில் வேறொரு பயனர் கணக்கில் இயங்கும் களஞ்சியச் செய்நிரல் அவற்றை எடுக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படுகிறது. எல்லாப் பயனர்களையும் குறிக்கும் ‘எவ்ரிவன்’ குழுவுக்கு முழுக் கட்டுப்பாடும் கொடுத்துவிடலாமா?
வாசகர், சுன்னாகம்

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். முழுக் கட்டுப்பாடு என்பது செய்திகளை எடுப்பதோடு நில்லாது, வரிசையையே அழிக்கவும் அதன் அனுமதிகளை மாற்றவும் இடமளிக்கும். வியாபாரக் கணக்கு செல்லும் பாதையை அப்படித் திறந்துவைப்பது பெரும் ஆபத்து.

வரிசையை எந்தக் கணக்கு உருவாக்குகிறதோ அதுவே அதன் உரிமையாளராகி முழு உரிமையையும் பெறுகிறது. மற்றைய கணக்குகளுக்குச் செய்தியை எடுக்கும் உரிமை தானாக வருவதில்லை. ஆகவே, வரிசையை உருவாக்கும் ‘கிரியேட்’ அழைப்பை அடுத்து, அதே கணக்கிலிருந்து அனுமதி வழங்கும் ‘செட்பெர்மிஷன்ஸ்’ என்ற முறையை அழைத்து, களஞ்சியக் கணக்கின் பெயரையும் ‘ஜெனரிக்ரீட்’ என்ற உரிமையையும் கொடுங்கள். வரிசையின் பண்புகளையும் அனுமதிகளையும் பார்ப்பதும் செய்தியை எடுப்பதும் அதற்குள் அடங்கும். எடுக்காமல் பார்க்க மட்டும் ஒரு கணக்கு வேண்டுமாயின் ‘பீக்மெசேஜ்’ உரிமை தனியாக உண்டு. அனுமதி வழங்கும் இந்தப் பகுதியை நாளாந்தம் இயங்கும் குறியீட்டில் வைப்பதிலும், நிறுவும்போது ஒருமுறை ஓடும் குறியீட்டில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. அப்போதுதான் அனுமதிகளை மாற்றும் அதிகாரம் அன்றாடக் கணக்குகளுக்குத் தேவைப்படாது. அந்த நிலையில் வரிசையை உருவாக்குவது நிறுவுபவரின் கணக்காகிவிடுவதால், விற்பனைக் கணக்குக்குச் செய்தி அனுப்ப இடமளிக்கும் ‘ஜெனரிக்ரைட்’ உரிமையையும் அங்கேயே வழங்க வேண்டும்.

கணக்கின் பெயர், உரிமை ஆகியவற்றோடு, அந்த உரிமையை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் மூன்றாவது அளபுரு (உள்ளீட்டு மதிப்பு) ஒன்றையும் ‘செட்பெர்மிஷன்ஸ்’ முறைக்குக் கொடுக்கலாம். அதனைக் கொடுக்காவிட்டால், புதிய உரிமைகள் அந்தக் கணக்கின் பழைய உரிமைகளோடு சேர்க்கப்படுமே தவிர, பழையவை நீங்குவதில்லை. பழையவற்றை அகற்றிப் புதியவற்றை மட்டும் இருத்த ‘செட்’, எல்லாவற்றையும் விலக்க ‘ரிவோக்’ ஆகியவை பயன்படும். உரிமையை மறுக்கும் ‘டினை’ வகையை மிகுந்த கவனத்தோடு கையாளுங்கள்: ஒரு குழுவுக்கு மறுத்தால், அக்குழுவிலுள்ள ஒருவருக்குத் தனியே கொடுத்த அனுமதியும் பயனற்றுப் போகும்.

பரிசோதனைக்காக ‘எவ்ரிவன்’ குழுவுக்கு ஏற்கெனவே முழுக் கட்டுப்பாடு வழங்கியிருந்தால், களஞ்சியக் கணக்குக்குக் குறுகிய உரிமை கொடுப்பதால் அது மறைந்துவிடாது. ‘ரிவோக்’ மூலம் அதனை வெளிப்படையாகவே நீக்குங்கள்.