குளத்து நீர் ஏன் பச்சையாகிறது? – கேள்வி பதில்

முத்தையன்கட்டு வாசகர்: ஐயா, ஆவணி பிறந்தால் எங்கள் குளத்து நீர் பச்சையாகத் திரண்டு நாறுகிறது. காரணம் என்ன?

நன்னீரில் பாசியின் பெருக்கத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பொசுபரசு என்னும் பயிர்ச்சத்து. 1973இல் கனடாவில் ஓர் ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் காபனும் நைதரசனும், மறுபாதிக்கு அவற்றுடன் பொசுபரசும் இட்டார்கள். பொசுபரசு பெற்ற பாதியிலேயே பாசி பொங்கியது. வயலுக்கு இடும் ரி.எஸ்.பி. (முச்சுப்பர் பொசுபேற்று) பசளையிலுள்ள பொசுபரசு மண் துகள்களில் ஒட்டிக்கொள்வதால், மேட்டுக்காட்டை வெளியாக்கி, குளக்கட்டுக்கு எதிர்ப்புறத்து நீரோரமான அலைகரையையும் பிடித்துப் பயிரிடும்போது, மாரி மழையில் கழுவுண்ட மண்ணோடு அதுவும் குளத்துள் இறங்கி அடியில் படிகிறது. ஆவணியில் நீர் வற்றி, தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று அடிச்சேற்றைக் கலக்க, வெயிலும் சேர்ந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

நெடுங்கேணி வாசகர்: அந்த நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

கூடாது. நீலப்பச்சைப் பாசிகள் சிலவற்றின் நஞ்சு கொதிப்பதால் அழியாது; கொதிக்கும்போது பாசியின் கலங்கள் உடைந்து, உள்ளிருந்த நஞ்சும் நீரில் கலந்துவிடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தார் இலட்சக்கணக்கில் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் தவித்தது ஈரி ஏரியின் இந்த நஞ்சினால்தான். மாடுகளையும் அந்த நீரில் விடாதீர்கள்.

செட்டிகுளம் வாசகர்: கமக்காரரையே குறை சொல்கிறீர்கள். யூரியாவை நிறுத்திவிட்டால் போதாதா? நகரத்துக் கழிவை யார் கேட்பது?

வவுனியா வாசகர்: நகரத்தைச் சாட்டிக் கமக்காரர் தப்பக்கூடாது. எங்கள் வலைகளில் வருவது பாசிதான்.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். யூரியா தருவது நைதரசனை; அதில் பொசுபரசு இல்லை. நீலப்பச்சைப் பாசிகளில் பல காற்றிலிருந்தே நைதரசனை எடுத்துக்கொள்ளும் என்பதால், யூரியாவை மட்டும் நிறுத்திப் பயன் சிறிது. நகரத்தை ஒட்டிய குளங்களில் மலக்குழிக் கசிவும், வடிகால் நீரும், பொசுபேற்று கலந்த சலவைத்தூளும் பெரும் பங்கு வகிக்கின்றன. காட்டோரக் குளங்களில் மண்ணரிப்பே முதன்மையானது. ஆகவே எந்தக் குளத்துக்கு எந்த வழியால் வருகிறது என்று வாய்க்கால் வாய்க்காலாக நடந்து பார்த்த பிறகே வழக்காட வேண்டும். பசளையை விடச் சொல்லவில்லை. மண்ணைப் பரிசோதித்து அளவாக இடுங்கள், அலைகரையை விட்டுவிடுங்கள் என்கிறேன்.

மாங்குளம் வாசகர்: விடியற்காலையில் மீன்கள் செத்து மிதப்பது ஏன்?

இரவில் பாசியும், அழுகும் பாசியை உண்ணும் பற்றீரியாவும் ஒட்சிசனை உறிஞ்சுவதால், சூரியன் எழுமுன் அது மிகக் குறைகிறது.

பூநகரி வாசகர்: துணியால் வடித்துக் கொதிக்கவைத்தால்?

மேலே சொல்லிவிட்டேன். நீரில் கரைந்த நஞ்சைத் துணி தடுக்காது. கொதிக்கவைக்காதீர்கள், குடிக்காதீர்கள்.

மல்லாவி வாசகர்: சிறுநீரக நோய்க்கும் இதுவா காரணம்?

அது மருத்துவர்களின் துறை; அவர்களிடம் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான் வாசகர்: குளத்தைத் தூர்வாரினால் தீருமா?

சேற்றோடு பொசுபரசும் வெளியேறுவதால் ஓரளவு உதவும். ஆனால் அலைகரையில் மரமும் புல்லும் இல்லாவிட்டால் சில மாரிகளில் மீண்டும் தூர்ந்துவிடும். அகழ்ந்த சேற்றைக் கரையோரம் குவிக்காமல், குளம் நிரம்பி வான் (மிகைநீர் வழி) பாயும் காலத்துக்கு முன்பே வயல்களுக்கு ஏற்றிவிடுங்கள்.