கணப்புச் சட்டி அறைக்குள் வேண்டாம்

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் எங்கள் வீடு. கார்த்திகை தீபம் முடிந்தாலே ஜவ்வாது மலைக் குளிர் இறங்கிவிடும். மாமியார் சாயங்காலம் இரும்புச் சட்டியில் கரி போட்டு மூட்டுவார். குழந்தைகளோடு சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வது எனக்கும் பிடிக்கும். ஆனால் ராத்திரி அதே சட்டியை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேத்தியோடு தூங்குகிறார். சொன்னால், "எங்க காலத்துல பண்ணாததா?" என்கிறார். என்ன செய்வது? – வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: இன்றைக்கு ராத்திரியே சட்டி வெளியே போகட்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அத்தை சொல்வதிலும் நியாயம் உண்டு. அவர் காலத்தில் கூரையும் நாட்டு ஓடும்தான், சந்துபொந்தெல்லாம் காற்று வரும். இப்போது தளம் போட்ட அறை, கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். புகை அடங்கிக் கங்கு சிவந்துவிட்டால் பயமில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் அந்தக் கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வருகிறது, நிறமில்லை, வாசனையில்லை, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், தூங்குகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. சாம்பல் மூடிய தணலும் அப்படித்தான்.

இதை உங்கள் கணவர் சொல்லட்டும், மகன் சொன்னால் மருமகள் குறை சொன்னதாக ஆகாது. சும்மா சட்டியைப் பிடுங்கினால் கிழவிக்குக் குளிரும், பாவம். மெத்தைக்குக் கீழே சாக்கு, காலுக்கு சாக்ஸ், ஒரு வெந்நீர்ப் பை, நல்ல கம்பளி, எல்லாம் தயாராக இருக்கட்டும்.

சாயங்காலக் கணப்பை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். திறந்த வாசலில் மூட்டுங்கள். மழையில் நனைந்த விறகு புகையும், பெயின்ட் அடித்த பழைய பலகை வேண்டவே வேண்டாம். அப்புறம், இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் உங்கள் பக்கத்துச் சரக்கு, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, அதில் நான்கை எடுத்து, வெடிக்காமலிருக்கக் கத்தியால் குத்தி, எண்ணெய் தடவித் தணலில் புதைத்து அத்தையிடம் விட்டுவிடுங்கள். தோல் கருகிச் சுருங்கி, காம்போரம் சாறு கொதித்து உஸ்ஸென்னும். உரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், துளி புளி, உப்போடு அவர் கையாலேயே பிசையட்டும். சுடச்சுடக் கேழ்வரகுக் களிக்கு இதைவிட என்ன வேண்டும்? சாப்பிட்டு எழுந்ததும் தணலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி அணைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.