டிராஃப்டில் பெயர் வராத வீரர்கள் என்எஃப்எல் அணிக்குள் நுழைவது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அண்ணா, டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை என்றால் அந்தப் பையனின் கதை முடிந்ததா?

இல்லை தம்பி. டிராஃப்ட் என்பது அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் வருடா வருடம் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. அதன் 7 சுற்றுகளிலும் சேர்த்து சுமார் 260 பேரைத்தான் எடுக்கிறார்கள். கடைசிப் பெயர் வாசிக்கப்படும்போதே மற்றவர்களின் ஏஜென்டுகளுக்கு அணிகளிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். டிராஃப்டில் தேர்வானவர் எடுத்த அணிக்குத்தான் போயாக வேண்டும். இவர்களோ தங்களுக்கு வரும் அழைப்புகளில் எது வேண்டும் என்று முடிவு செய்யலாம். போனஸ் கொஞ்சம் கூட வருகிறதே என்று ஓடாமல், நம் இடத்தில் அங்கே ஆள் குறைவா என்று பார்த்துப் போகிறவன்தான் புத்திசாலி.

சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில் எத்தனை பேர், மிஞ்சுவது எத்தனை பேர்?

90 பேர் போவார்கள். ஆகஸ்ட் கடைசியில் 53 பேர் நிற்பார்கள். முன்பு படிப்படியாகக் குறைப்பார்கள். 2023 முதல் எல்லாம் ஒரே கெடுவில் முடிகிறது. அதற்குள் திறமையைக் காட்டக் கிடைப்பது பெரும்பாலும் 3 பயிற்சி ஆட்டங்கள்தான்.

கோச் கண்ணில் பட என்ன செய்ய வேண்டும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது, என் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: ஸ்பெஷல் டீம்ஸ். கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை), பண்ட் (பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பது) போன்ற உதைகளின்போது களமிறங்கும் குழு அது. 53 பேர் இருந்தாலும் ஆட்டத்தன்று அதிகபட்சம் 48 பேர்தான் இறங்க முடியும். அதனால் அணியின் ஐந்தாவது ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிக்கும் வீரர்) பந்து பிடித்தால் மட்டும் போதாது. பண்ட் பறக்கும்போது எதிரணிக்காரனைத் துரத்திப்போய் மடக்கவும் தெரிய வேண்டும். ஆடம் தீலனைப் பாருங்கள். 2013-ல் மினசோட்டா வைக்கிங்ஸின் புதுமுக முகாமுக்கு ஒப்பந்தம்கூட இல்லாமல், சோதனைக்கு வந்தவர். அந்த வருடம் முழுக்க பிராக்டிஸ் ஸ்குவாட், அதாவது 53 பேருக்கு வெளியே அணியோடு பயிற்சி மட்டும் செய்யும் குழு. 2014-ல் கரோலினாவுக்கு எதிராக ஒரு பண்டைத் தடுத்து, தானே பந்தை எடுத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் ஓடி டச்டவுன் போட்டார். ரிசீவராகப் பெயர் வாங்கியதெல்லாம் அப்புறம்தான்.

கட் ஆன, அதாவது அணியிலிருந்து நீக்கப்பட்ட அன்று என்ன நடக்கும்?

புதுமுகம் என்றால் 24 மணி நேரத்துக்குள் வேறு எந்த அணியும் அவரைக் கேட்டு வாங்கலாம். யாரும் கேட்காவிட்டால் பழைய அணியோ வேறு அணியோ பிராக்டிஸ் ஸ்குவாடில் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே 16 இடம் உண்டு. யாருக்காவது அடிபட்டால் முதலில் கூப்பிடுவது பெரும்பாலும் அங்கிருப்பவர்களைத்தான்.

சம்பளம் எவ்வளவு சார்?

2025 கணக்கில் 53 பேரில் ஒருவராக முழு சீசனும் இருந்தால் புதுமுகத்துக்குக் குறைந்தது 8,40,000 டாலர். பிராக்டிஸ் ஸ்குவாட் என்றால் வாரத்துக்குக் குறைந்தது 13,000 டாலர். ஆகஸ்டில் கட் ஆனால் இரண்டுமே கிடையாது. அதனால் 3 வருட ஒப்பந்தம் என்று செய்தியில் படித்து மயங்காதீர்கள்.

உங்கள் மனதில் நிற்கும் ஒருவர்?

மால்கம் பட்லர். 2014-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுக்குச் சோதனைக்கு வந்து இடம் பிடித்தவர். சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் ஒரு குறிப்பிட்ட பாஸில் ஏமாந்து டச்டவுன் விட்டுவிட்டார். 2015 பிப்ரவரி 1 அன்று, ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை, எதிரணியான சியாட்டில் டச்டவுனுக்கு 1 கெஜத்தில் நிற்கிறது. அதே அமைப்பில் ரிசீவர்கள் வந்து நிற்பதைப் பார்த்ததும் இவருக்குப் புரிந்துவிட்டது. பாய்ந்து பந்தைப் பிடித்தார். 28-24 என்று கோப்பை பேட்ரியாட்ஸுக்கு. முகாமில் ஆட்டத் திட்டக் குறிப்பேட்டை மூடாமல் படிக்கும் பையன்களை எனக்கு அவ்வளவு பிடிக்கக் காரணம் அந்த ஆட்டம்தான்.

கட் ஆன என் நண்பன் இன்னொரு வருடம் முயலலாமா?

உடம்பு ஒத்துழைத்தால், ஆடும் இடம் கிடைத்தால், முயலட்டும். கனடா லீக் இருக்கிறது, வசந்தகாலத்தில் யுஎஃப்எல் என்ற சிறிய லீக் இருக்கிறது. டல்லஸ் கவ்பாய்ஸின் கிக்கர் (பந்தை உதைப்பவர்) பிராண்டன் ஆப்ரி சாக்கர் ஆடி, மென்பொருள் பொறியாளராக வேலை பார்த்து, யுஎஸ்எஃப்எல் என்ற இன்னொரு வசந்தகால லீக் வழியாக 2023-ல்தான் உள்ளே வந்தார். ஆனால் ஒன்று: வீட்டில் தனியாக எடை தூக்கிக்கொண்டு போனுக்காகக் காத்திருப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அணிகள் புதிதாக ஆடிய வீடியோவைத்தான் கேட்கும். டிகிரி பாக்கியிருந்தால் இந்த இடைவெளியிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.