காசு கட்டியாச்சு, கூட விளையாட ஆள் எங்கே?

விடுமுறை முடிந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆன்லைன் கேம் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: 2008-இல் கல்லூரி விடுதியில் இரவெல்லாம் ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம் (ஒரு கதாபாத்திரமாகப் பலரோடு சேர்ந்து ஆடுவது) ஆடியவன் நான். இப்போது கையில் சம்பளம் இருக்கிறது என்று ஒரே வருடத்தில் மூன்று புது கேம் வாங்கினேன். பார்க்க அழகு, ஆனால் பத்து நாளில் சலித்துவிடுகிறது. குறை என்னிடமா, கேமிலா? — வாசகர், ஓசூர்

பதில்: கேமில்தான்.

1999-இல் வந்த எவர்க்வெஸ்ட் என்ற கேமில் தனியாகப் போனால் பல இடங்களில் உயிரோடு திரும்ப முடியாது. செத்தால் சாமான்கள் உடலோடு அங்கேயே கிடக்கும். மீட்டுவர நாலு பேரிடம் உதவி கேட்டாக வேண்டும். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதையெல்லாம் நிறைய இளக்கியது. ஆனாலும் ஒரு டஞ்சனுக்கு (குழுவாகப் போய்ச் சண்டை போடும் குகை மாதிரி இடம்) போக சாட்டில் கூவி ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும். அன்றைய சர்வர், அதாவது ஒரே கணினியில் சேர்ந்து ஆடும் கூட்டம், நம் போச்சம்பள்ளி வாரச்சந்தை மாதிரி. எடையில் ஏமாற்றியவரிடம் அடுத்த வாரம் யாரும் போய் நிற்க மாட்டார்கள். பொதுவில் கிடைத்த பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவன் பெயர் சர்வர் முழுக்கத் தெரிந்துவிடும், எந்தக் குழுவும் அவனைச் சேர்க்காது.

2009 டிசம்பரில் அதே கேமில் டஞ்சன் ஃபைண்டர் வந்தது. பட்டனை அழுத்தினால் வெவ்வேறு சர்வரிலிருந்து ஐந்து பேர் கூடுவார்கள், வேலை முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கலைவார்கள். வசதிதான், மறுக்கவில்லை. பின்னால் வந்த கேம்கள் பலவும் இதே வழியில் போயின. முக்கால்வாசிக் கதையைத் தனியாகவே முடித்துவிடலாம். மற்றவர்கள் நம் பக்கத்தில் ஓடும் உருவங்கள், அவ்வளவுதான். பேச அவசியமே இல்லாத இடத்தில் பழக்கம் எப்படி வரும்? விடுதியில் உங்களைக் கட்டிப்போட்டது கிராபிக்ஸ் இல்லை. ‘நீ வராவிட்டால் இன்றைக்கு ரெய்டு (பெரிய குழுவாகப் போகும் சண்டை) நடக்காது’ என்று யாரோ சொன்னார்களே, அதுதான்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. 2014-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 60 டாலருக்கு ஒரு கதாபாத்திரத்தை நேராக 90-ஆவது லெவலுக்கு ஏற்றித் தர ஆரம்பித்தார்கள். லெவல் ஏறுவதுதானே கேம்? அதைத் தாண்டிப் போவதற்கு விலை வைத்துவிட்டால், அந்த வழியைச் சுவையாக்க யாருக்கு அக்கறை இருக்கும்? பையில் இடம் பற்றாது, பயணம் இழுக்கும், காத்திருப்பு நீளும். முதலில் தொல்லையை வைப்பது, அப்புறம் அதை நீக்கக் காசு கேட்பது. இன்று பல கேம்களில் இதுதான் வியாபாரம். பழைய முறைக்கு ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. 2013-இல் ரூன்ஸ்கேப் ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டு 2007 பதிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2019-இல் வார்கிராஃப்டும் பழைய வடிவத்தை கிளாசிக் என்று மறுபடி திறந்தது.

நாலாவது கேம் வாங்காதீர்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14 இருக்கிறது. 2010-இல் வந்தபோது படுதோல்வி, 2013-இல் திரும்பக் கட்டினார்கள். 70-ஆவது லெவல் வரை இலவசம், நாள் கணக்கு கிடையாது. ஆனால் இலவசக் கணக்கில் கில்டில், அதாவது ஆட்டக்காரர்களின் நிரந்தரக் குழுவில், சேர முடியாது. அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கேள்வி: முன்பதிவு செய்தால் சிறகு வைத்த குதிரை தருகிறார்களாம். வாங்கலாமா? — காரிமங்கலம்

பதில்: வேண்டாம். கேம் வெளியாகி ஒரு மாதம் ஆகட்டும்.

கேள்வி: என் 13 வயது மகன் என் போனில் மூன்று நாளில் 18,400 ரூபாய்க்கு லூட் பாக்ஸ் வாங்கிவிட்டான். அது சீட்டுப் பணம். திரும்பக் கிடைக்குமா? — பாலக்கோடு

பதில்: சகோதரி, முதலில் பையனை அடிக்காதீர்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் திரும்பத் திரும்ப வாங்க வைப்பதற்காகவே செய்த பொருள் அது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-லேயே லூட் பாக்ஸைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்றது. பெரியவர்களே விழுகிற குழி.

பிளே ஸ்டோர் வழியாகப் போன பணம் என்றால் இன்றைக்கே ரீஃபண்ட் கேளுங்கள். 48 மணி நேரத்துக்குள் கேட்டால் வழி சுலபம். தாண்டிவிட்டால் கேம் நிறுவனத்துக்கே எழுத வேண்டும். மகனின் வயது, தேதி, ஆர்டர் எண் எல்லாம் இருக்கட்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்பதையும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் தருமபுரியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. விடாதீர்கள். என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: டெலிகிராமில் 9,000 ரூபாய்க்கு ஒருவரிடம் ஹை லெவல் கேம் ஐடி (கணக்கு) வாங்கினேன். ஒரு வாரத்தில் பழைய ஆள் பாஸ்வேர்டு மாற்றி எடுத்துக்கொண்டார். போன வருடமும் இப்படி ஆனது. — கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: போன வருடமும் ஆனதா? அப்புறமும் முகம் தெரியாதவருக்கு யுபிஐயில் அனுப்பினீர்களா? ஐடி விற்கக் கூடாது என்று பெரும்பாலான கேம்களின் விதிமுறையிலேயே இருக்கிறது, நிறுவனத்திடம் போய் நிற்கவே முடியாது. 1930-க்கு உடனே சொல்லுங்கள், அது சைபர் மோசடிக்கான எண். மூன்றாவது முறை எனக்கு எழுதாதீர்கள், தம்பி.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய உடை, வாள் எல்லாம் கேமை மூடினால் என்ன ஆகும்? — பர்கூர்

பதில்: போய்விடும். நீங்கள் வாங்குவது பொருள் இல்லை, அனுமதி. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012-இல் மூடியது, வைல்டுஸ்டார் 2018-இல். நானும் இழந்திருக்கிறேன். வெளிவராத ஒரு கேமுக்கு ‘ஆரம்ப ஆதரவாளர்’ பேக் என்று 3,500 ரூபாய் கட்டினேன். இரண்டு முறை தள்ளிப்போய்த் திறந்தார்கள், 14 மாதத்தில் மூடினார்கள். ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தக் கில்டில் பழகிய ஆறு பேரின் நிஜப் பெயர்கூட நான் கேட்டு வைக்கவில்லை. 3,500 ரூபாயைவிட அதுதான் வலிக்கிறது.

விற்ற கேமை விளையாட முடியாமல் ஆக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் ஒரு மனுவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்ந்திருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

கேள்வி: ஃபைபர் இணைப்பு 100 எம்பிபிஎஸ். இருந்தும் லேக், கேம் தாமதித்துத் திணறுகிறது. கேமிங் ரவுட்டர் வாங்கலாமா? — அரூர்

பதில்: சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் எந்த ரவுட்டராலும் தூரம் குறையாது. வைஃபைதான் காரணம் என்றால் ஒரு லேன் கேபிள் போதும்.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் நாலு பேர், ஆளுக்கு ஒரு ஊரில் வேலை. ராத்திரி ஒரு மணி நேரம் சேர்ந்து ஆட ஒரு கேம் வேண்டும். காசு அதிகம் இல்லை. — ஊத்தங்கரை

பதில்: ஆளை முதலில் சேர்த்துவிட்டுக் கேமைத் தேடுகிறீர்களே, சந்தோஷம். கில்டு வார்ஸ் 2-இன் அடிப்படைக் கேம் இலவசம், மாதக் கட்டணம் கிடையாது. போகும் இடத்துக்கு ஏற்ப உங்கள் பலத்தை அது குறைத்துவிடும், அதனால் ஒருவர் லெவலில் பின்தங்கினாலும் நாலு பேரும் ஒன்றாகவே ஆடலாம். நமக்குக் கிடைக்கும் சர்வர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டும்தான். நாலு பேரும் ஐரோப்பாவையே தேர்ந்தெடுங்கள்.