மூன்று மாத வெளிநாட்டுப் பயணத்தை வீடியோ டயரியாக எடுக்க விருப்பம். என்ன கமரா வாங்கலாம், எப்படி எடுக்கலாம்?

கமராவைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இதை யார் பார்க்கப் போகிறார்? பொதுவாக எல்லோருக்கும் என்று நினைத்து எடுக்காமல், ஒரேயொரு ஆளை மனதில் வைத்து எடுங்கள்.

நான் எடுத்தது அம்மாவுக்காக. பாரிசில் தங்கச்சி இருக்கிறாள், சுவிஸ் பேர்னில் பெரியம்மாவின் மகன் இருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மாடிப்படி இறங்கி மரைன் டிரைவ் வரை போவதே அவருக்குப் பெரிய பயணம். பிரான்ஸ், சுவிஸ் போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாள்தான் நிற்கலாம். நான் ஓகஸ்ட் தொடக்கத்தில் போய் 86 நாள் நின்றேன்.

முதல் வாரம் எல்லோரும் எடுப்பதைத்தான் நானும் எடுத்தேன். இருட்டிய பிறகு ஈபிள் கோபுரம் மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் மினுங்கும்; அதை முழுதாக எடுத்து அனுப்பினேன். அம்மா “வடிவா இருக்கு” என்றார். அடுத்த கேள்வி, “தங்கச்சியின்ர குசினியில வெயில் வருமா?” அன்றிலிருந்து எனக்கு எதை எடுக்க வேண்டும் என்று விளங்கிவிட்டது. குசினி ஜன்னல், புட்டுப்பானை, மருமகள் பள்ளிக்கூடம் போகும் சந்து, மெட்ரோப் படிக்கட்டு. ஒரு இரவு தங்கச்சி வேலையால் வந்து கதவடியில் குந்தியிருந்து சப்பாத்துக் கழற்றியதை நாற்பது செக்கன் எடுத்திருந்தேன். குதிக்காலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவேயில்லை. அம்மா அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் பார்த்துவிட்டு, உடனே அவளுக்குப் போன் எடுத்து, “சப்பாத்துக் கடிக்குதோ?” என்று கேட்டார். மூன்று மாதத்தில் நான் எடுத்ததிலேயே பெறுமதியானது அந்த நாற்பது செக்கன்தான் என்று நினைக்கிறேன்.

சரி, கமரா. கையில் இருக்கும் போனே போதும். ஐபோனில் 4கே தரத்தில் செக்கனுக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்.பி. போகும், அதைவிடக் குறைந்த 1080பி தரம் என்றால் 60 எம்.பி.தான். நாளுக்கு ஐந்து நிமிடம், 90 நாள் என்று கணக்குப் பாருங்கள்: 1080பியில் 27 ஜி.பி., 4கேயில் 76 ஜி.பி.க்கு மேல். நான் 1080பியில் எடுத்தேன், வீட்டு டிவியில் எந்தக் குறையும் தெரியவில்லை. இன்னொரு விஷயம், ஐரோப்பாவில் மின்சாரம் இலங்கையைப் போலவே 50 ஹேர்ட்ஸ். 30 ஃபிரேமில் எடுத்தால் சில டியூப்லைட்டின் கீழ் படம் துடிக்கும். செட்டிங்கில் PAL ஃபார்மட்டை (Show PAL Formats) திறந்து 25 ஃபிரேமுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கனடா, அமெரிக்கா போகிறவர்கள் மாற்றத் தேவையில்லை, அங்கே 60 ஹேர்ட்ஸ். பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்ப விடமாட்டார்கள். 20,000 எம்.ஏ.எச். என்றால் சுமார் 74 வாட்அவர். 100 வாட்அவரைத் தாண்டாதவரை பொதுவாகப் பிரச்சினை வராது.

காசு செலவழிக்க விருப்பமென்றால் மைக்குக்குச் செலவழியுங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் சட்டையில் கொளுவுகிற சின்ன மைக் கிடைக்கும், காற்றை மறைக்கும் பஞ்சு உறையோடு வாங்குங்கள். நான் அது இல்லாமல் போனேன். பேர்னில் ஆரே ஆற்றங்கரையில் நடந்துகொண்டே அண்ணா 1989இல் கொழும்பிலிருந்து வெளிக்கிட்ட கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். இரவு போட்டுக் கேட்டால் வெறும் காற்றுச் சத்தம். அடுத்த நாள் வீட்டுக்குள் இருத்தித் திரும்பச் சொல்லச் சொன்னேன். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். ஆற்றங்கரையில் ஒரு இடத்தில் நின்று சிரித்துவிட்டுச் சொன்ன பகுதி அதில் இல்லவே இல்லை. இன்றைக்கும் அது எனக்கு மனவருத்தம்தான்.

நாளின் முடிவில் படுக்க முதல் இரண்டு நிமிடம் நீங்களே கதையுங்கள். திகதியையும் ஊரையும் வாயால் சொல்லித் தொடங்குங்கள். பகலில் எடுத்ததில் காட்சிகள் மட்டும்தான் இருக்கும். அன்றைக்கு மனது எப்படி இருந்தது என்பது இந்த இரண்டு நிமிடத்தில்தான் கிடைக்கும். நாளைக்குச் சேர்த்துச் சொல்லலாம் என்று விடாதீர்கள், அடுத்த நாள் அந்தக் குரல் வராது. அப்புறம், எங்கே போனாலும் வாய் திறக்காமல் அரை நிமிடம் சத்தத்தை மட்டும் பதியுங்கள். பாரிஸ் மாணிக்க விநாயகர் ஆலயத் தேரன்று தெருவில் சிதறுதேங்காய் உடைக்கும் சத்தத்தை அப்படித்தான் எடுத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் தமிழ்க் கடைகளுக்குள் போனால் கமராவைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். அங்கே வேலை செய்கிற சிலருக்கு இன்னும் விசாப் பத்திரம் சரிவந்திருக்காது. சிலர் ஊரில் உள்ளவர்களுக்கு என்ன வேலை செய்கிறோம் என்றே சொல்லியிருக்கமாட்டார்கள். முதலில் தேத்தண்ணி குடித்துக் கதையுங்கள், பிறகு கேளுங்கள். ஏலாது என்றால் விட்டுவிடுங்கள். ஒரு கடையில் முகம் வேண்டாம், கை மட்டும் எடு தம்பி என்றார் ஒருவர். கொத்துரொட்டி கொத்தும் அந்தக் கை மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

ஒவ்வொரு இரவும் எடுத்ததை இன்னொரு இடத்திலும் பிரதி செய்துவிடுங்கள். கோப்புறைக்கு நாள் எண்ணைப் பெயராகப் போட்டால் போதும்.

திரும்பி வந்த பிறகு டிவியில் போட்டு எல்லாவற்றையும் அம்மாவுக்குக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே கேட்ட கேள்விகளையும், தங்கச்சி வீட்டுத் திரைச்சீலை நிறம் சரியில்லை என்று சொன்னதையும் போனில் குரலாகப் பதிந்தேன். அதையும் அதே இடத்தில் 87 என்று பெயர் போட்டு வைத்திருக்கிறேன்.