வேர்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியாவிடம் மருந்து தேடலாமா? கேள்வி பதில்

மதுரையில் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.

மேலூர் விவசாயி: ஐயா, கரும்பில் வேர்ப்புழுவைக் கொல்ல விடும் நுண்ணிய நூற்புழுவிலிருந்து மனிதருக்கு மருந்து கிடைத்துவிட்டதாமே?

பதில்: மருந்தாகக்கூடிய ஒரு பொருள் கிடைத்திருக்கிறது என்பதே சரி. அதைத் தருவதும் நூற்புழு அன்று, அதன் குடலில் கூட்டுயிரியாக வாழும் ஃபோட்டோராப்டஸ் என்னும் பாக்டீரியா. நூற்புழு வேர்ப்புழுவின் உடலுக்குள் நுழைந்து இந்தப் பாக்டீரியாவைக் கக்குகிறது. ஓரிரு நாளில் வேர்ப்புழு செத்துவிடும். அதை எடுத்துப் பாருங்கள்: செங்கல் நிறமாக இருக்கும், அழுகியிருக்காது, இருட்டறையில் கண் பழகியபின் மங்கலாக ஒளிர்வதும் தெரியும். சத்து நிறைந்த அந்த உடலை வேறு கிருமிகள் பங்குபோட வராதபடி பாக்டீரியா சுரக்கும் வேதிப்பொருள்களே காக்கின்றன. மருந்தாகக்கூடியது என்று நான் சொன்ன டாரோபாக்டின் அவற்றுள் ஒன்று. அதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கிம் லூயிஸ் குழுவினர் கண்டறிந்து 2019இல் அறிவித்தனர்.

திருமங்கலம் மாணவி: டாரோபாக்டினுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பதில்: நல்ல கேள்வி அம்மா. ஈகோலை, கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. பெரும்பாலான மருந்துகள் அதைத் தாண்ட முடியாமலே தோற்கின்றன. அந்தச் சவ்வில் புரதங்களைப் பொருத்தும் வேலையைச் செய்வது பாம்ஏ என்ற புரதம், அதுவும் செல்லின் வெளிப்புறத்திலேயே இருக்கிறது. ஏழே அமினோ அமிலங்கள் கொண்ட டாரோபாக்டின் அதில் போய் ஒட்டிக்கொண்டு அந்த வேலையை நிறுத்திவிடுவதால், செல்லுக்குள் நுழைய வேண்டிய தேவையே எழுவதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் தொற்றிய எலிகளை அது காப்பாற்றியிருக்கிறது. மனிதருக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை.

அனுப்பானடி வாசகர்: வேப்பிலைச் சாறும் ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொல்கிறது. அதை மட்டும் உங்களைப் போன்ற அறிவியலாளர்கள் ஏன் மருந்து என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறீர்கள்?

பதில்: தட்டில் பினாயிலும் கொல்லும். எவ்வளவு அளவில் கொல்கிறது, அந்த அளவு இரத்தத்தில் நிற்குமா, நம் செல்களை விட்டுவைக்குமா என்ற மூன்றுக்கும் விடை வந்த பிறகுதான் மருந்து என்ற பேச்சு.

அதே வாசகர்: அப்படியானால் உங்கள் பாக்டீரியாவுக்கும் அதே நிபந்தனைதானே?

பதில்: அதேதான், சலுகை கிடையாது. ஆனால், நூற்புழுவின் உடலுக்குள்ளேயே வாழும் பாக்டீரியா தன் வீட்டுக்காரரைக் கொல்லும் நஞ்சைச் சுரந்தால் தானும் பிழைக்காது. ஆகவே விலங்கு செல்லுக்குத் தீங்கற்ற பொருள் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று கருதித்தான் லூயிஸ் குழுவினர் அந்த இடத்தில் தேடினார்கள். வேம்பைக் குறைத்துச் சொல்லவில்லை. தட்டில் சாற்றைச் சுற்றிக் கிருமி வளராமல் விழுந்த வளையத்தைப் படம்பிடித்து மருந்து என்று விற்பதைத்தான் சொல்கிறேன்.

சோழவந்தான் வாசகர்: அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வேம்பை முறையாக ஆராயப் பணம் போடுவது யார்?

பதில்: அந்தக் குறை எனக்கும் உண்டு. புதிய ஆன்டிபயாட்டிக் எதற்கும் பணம் போடப் பெரிய கம்பெனிகள் தயங்குகின்றன, ஏனெனில் சில நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரையில் இலாபம் குறைவு. அதற்காகச் சோதனையைத் தாண்டிக் குதிக்க முடியாது.

உசிலம்பட்டி வாசகர்: டாரோபாக்டின் எங்கே வாங்கலாம்?

பதில்: எங்கும் கிடைக்காது.

ஒத்தக்கடை வாசகர்: மல்லிகைக்கு நூற்புழு விடலாமா?

பதில்: உங்கள் ஊரிலேயே வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

வாடிப்பட்டி கோழிப் பண்ணையாளர்: கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கலந்து கொடுப்பதால் மனிதருக்கு என்ன?

பதில்: கோலிஸ்டின், வேறு மருந்து கேட்காத தொற்றுக்குக் கடைசியாகக் கொடுப்பது. தீவனத்தில் அதைக் கலந்தால், கோழியின் குடலில் தாக்குப்பிடிக்கும் கிருமி பெருகி மனிதரிடமும் வந்து சேரும். இதனால்தான் இந்திய அரசு 2019இல் அதைக் கால்நடை வளர்ப்பில் தடை செய்தது.

பேரையூர் வாசகர்: நூற்புழுக் கரைசலைப் புண்ணில் தடவினால் ஆறுமா?

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி வருகிறது. கூடாது. கரைசலில் இருப்பது பிரித்தெடுத்த மருந்தன்று, உயிருள்ள புழுவும் பாக்டீரியாவும். இதே பேரினத்தைச் சேர்ந்த ஃபோட்டோராப்டஸ் அசிம்பயோட்டிகா என்ற பாக்டீரியா, ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மனிதருக்கே தொற்றியிருக்கிறது. புண் ஆறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டி, சீழைக் கல்ச்சர் சோதனைக்குக் கொடுத்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்த பிறகு மாத்திரை வாங்குங்கள்.