எடை ஏற்றிய கெபாரி (தென்காரா என்னும் ஜப்பானியத் தூண்டில் முறையின் செயற்கை ஈ): வாசகர் கேள்விகளுக்குப் பதில்

12ஆம் எண் தூண்டில் முள்ளுக்கு எடைக்கான கம்பி எத்தனை சுற்று?

அரை மில்லிமீட்டர் கம்பி என்றால் எட்டு, மிஞ்சினால் பத்து. முள்ளின் காதையொட்டி (நரம்பு கட்டும் வளையம்) இரண்டு மில்லிமீட்டர் இடம் விடுங்கள். முடிச்சுக்கு இடமில்லாத ஈ நாலு மீனுக்குள் அவிழ்ந்துவிடும்.

எடைக்காகக் கோக்கும் மணி முள்ளின் வளைவில் சிக்கிக்கொள்கிறது.

எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டுக் கோருங்கள். மணியின் சிறு துளை முதலில் நுழைய வேண்டும்.

3 மி.மீ. டங்ஸ்டன் மணி போட்டும் ஆழம் போதவில்லை. 4 மி.மீ. மணியோடு கம்பியும் சுற்றலாமா? கழியின் நுனி ஒருமுறை முறிந்தது.

நரம்பின் எண்ணையும், ஈயைக் கட்டும் முனை நரம்பின் பருமனையும் எழுதாமல் எடையை மட்டும் கேட்கிறீர்கள். இப்படித்தான் பாதிக் கடிதங்கள் வருகின்றன. மணியின் விட்டம் 3இலிருந்து 4 ஆனால் எடை இரண்டு மடங்கையும் தாண்டும். தென்காராவில் நரம்பைச் சுற்றும் உருளை இல்லை; ஈயைக் கொண்டுபோய்ப் போடுவது 3, 4 எண் நரம்பின் எடைதான். ஈ அதைவிடக் கனத்தால் வீச்சு பாதியில் மடியும், மணி கழியில் மோதும். உங்கள் நுனி அப்படித்தான் போயிருக்கும். இல்லையென்றால், பாறையில் சிக்கியதைக் கழியால் இழுத்திருப்பீர்கள். சிக்கினால் கழியை மடக்கிவிட்டு நரம்பைக் கையால் பிடித்து இழுங்கள். எத்தனை முறை எழுதுவது!

ஆழத்தை நீரிடமே கேளுங்கள். சிற்றருவி விழும் இடத்தில் ஈயைப் போட்டால் நீரே அதைக் கீழே கொண்டுபோகும். முனை நரம்பை 0.15 மி.மீ. அளவுக்கு மெலியுங்கள், ஈயின் உடலையும் ஒல்லியாகக் கட்டுங்கள். ஜப்பானிய மலையோடைகளில் தலைமுறைகளாக எடையே இல்லாத கெபாரியால் மீன் பிடித்திருக்கிறார்கள். எடை கடைசி வழி. அப்போதும் 2.5 மி.மீ. மணி போதும்.

ஈயமா, டங்ஸ்டனா?

டங்ஸ்டன். அடர்த்தி ஈயத்துக்குச் சுமார் 11, டங்ஸ்டனுக்கு 19. சிறு மணியிலேயே வேலை முடியும். அறுந்த ஈயம் ஓடையிலேயே கிடக்கும். அன்னப்பறவைகள் ஈய குண்டுகளை விழுங்கிச் செத்ததால்தான் பிரிட்டன் 1987இல் தூண்டில் ஈயம் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது.

மணி போட்டால் சகாசா பாணியில் இறகு முன்னோக்கி நிற்குமா?

நிற்கும். மணிக்குப் பின்னால் பெண் ஃபெசன்ட் பறவையின் இறகை இரண்டே சுற்றுச் சுற்றி, பின்புறம் நூலால் அணை கொடுங்கள். மூன்றாவது சுற்று வேண்டாம். இறகு அடர்ந்தால் ஈ மூழ்கத் தயங்கும், நீங்கள் மறுபடி எடை கேட்டு எழுதுவீர்கள்.

எந்த மீனுக்கு எடை தேவை?

இவானா, யமமே இரண்டும் ஜப்பானிய மலையோடை மீன்கள். பாறையிடுக்கில் அடியில் கிடக்கும் இவானாவுக்கு எடை தேவை. ஓட்டத்தில் நிற்கும் யமமேவுக்குப் பெரும்பாலும் வேண்டாம்.